எண்ணப்படாத கசெட்டுகள்

சென்ற தவணை பொது அறிவுப் போட்டியொன்றுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்திக் கொண்டிருந்தேன். உலகிலேயே அதிகம் விற்ற இசைத்தொகுப்பு எது என்ற வினாவுக்கு, மைக்கல் ஜெக்சன் 1982இல் வெளியிட்ட 'த்ரில்லர்' என்று விடை சொன்னேன். பத்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதைக் கொப்பியில் எழுதிவிட்டு நிமிர்ந்து, "அப்ப நம்ம நாட்டுல எது சேர்?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. தேடிச் சொல்வதாகச் சொன்னேன். பல கிழமைகள் தேடியும் அவனுக்குக் கொடுக்க ஒற்றை வரி விடை கிடைக்கவில்லை. ஆனால் அது ஏன் கிடைக்கவில்லை என்பது ஓரளவு விளங்கியது. அதனை இச்சஞ்சிகை வாசகர்கள் முன் வைக்கலாம் என நினைக்கிறேன். இதில் எனது சொந்தப் பிழை ஒன்றும் அடங்கியிருக்கிறது. அதைச் சொல்லாமல் இதை எழுதுவது நேர்மையாகாது.

முதலில் இத்தகைய பட்டியல்கள் எப்படித் தயாராகின்றன என்று பார்ப்போம். அமெரிக்காவில் இசைத்தட்டுக் கம்பனிகளின் சங்கம் 1958இல் 'தங்கத்தட்டு' வழங்கத் தொடங்கியது. 1976இல் 'பிளாட்டினம்' வந்தது. இன்று அங்கே ஒரு தொகுப்பு 5 இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டினால் தங்கம், 10 இலட்சத்தை எட்டினால் பிளாட்டினம். இந்தச் சான்றிதழ் தானாக வருவதில்லை. கம்பனி விண்ணப்பிக்க வேண்டும், கணக்கைக் காட்ட வேண்டும். விண்ணப்பிக்காத தொகுப்பு எத்தனை வீடுகளில் ஒலித்திருந்தாலும் அந்தப் பட்டியலில் இடம்பெறாது.

நான் மாணவனுக்குச் சொன்ன விடை உலகக் கணக்கு. அமெரிக்கா என்ற தேசியச் சந்தையை மட்டும் எடுத்தால் கதை வேறு. 2018இல் அந்தச் சங்கம் மறுகணக்கெடுத்தபோது 'ஈகிள்ஸ்' குழுவின் பழைய பாடல்களின் திரட்டு ஒன்று 38 பிளாட்டினம் பெற்று 'த்ரில்லரை' முந்தியது. 1976இல் முதன்முதலாகப் பிளாட்டினம் பெற்ற தொகுப்பும் அதுதான். இடையில் 2016இல் எண்ணும் முறையே மாறியிருந்தது. இணையத்தில் 1500 தடவை பாடல் ஒலித்தால் அதை ஒரு தொகுப்பு விற்றதற்குச் சமமாகக் கொள்வது என்று தீர்மானித்தார்கள். எனவே அந்த எண்களில் காசு கொடுத்து வாங்கியவரும் இருக்கிறார், காசு கொடுக்காமல் கேட்டவரும் இருக்கிறார்.

இதைவிட முக்கியமானது 1991இல் நடந்தது. 'பில்போர்ட்' என்ற அமெரிக்க இசைச் சஞ்சிகை அதுவரை கடைக்காரர்களிடம் விசாரித்தே வாராந்தத் தரவரிசையைத் தயாரித்தது. எது நன்றாக ஓடுகிறது என்று கடைக்காரர் சொன்னாரோ அதுவே மேலே வந்தது. அவ்வாண்டு மே மாதத்திலிருந்து, கடையில் பணம் செலுத்தும் இடத்தில் இயந்திரம் பதியும் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதமே என்.டபிள்யூ.ஏ. என்ற கறுப்பின இளைஞர்களின் ராப் குழுவினது தொகுப்பு முதலிடத்துக்கு வந்தது. செப்டெம்பரில் நாட்டுப்புற இசைப் பாடகர் கார்த் புறூக்ஸின் தொகுப்பு நுழைந்த வாரத்திலேயே முதலிடம் பிடித்தது. சனங்களின் ரசனை ஒரு மாதத்தில் மாறிவிடுவதில்லை. கிராமத்து வெள்ளையரும் நகரத்துக் கறுப்பினப் பொடியன்மாரும் முன்பும் இவற்றை வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். கடைக்காரரின் வாயில் அவர்களுடைய பாட்டு வரவில்லை, அவ்வளவுதான்.

இனி நமது பக்கம் வருவோம். இந்தியாவில் நீண்டகாலம் இசைத்தட்டு என்றால் எச்.எம்.வி. என்றே இருந்தது. அந்தக் காலத்தின் பெருவெற்றிகளில் ஒன்று எம்.எஸ். சுப்புலட்சுமி 1963இல் பாடிய வெங்கடேச சுப்ரபாதம். அதன் உரிமைத்தொகையைத் திருப்பதி தேவஸ்தானத்துக்கே அவர் கொடுத்துவிட்டார். எண்பதுகளில் கசெட் பரவியதும் நிலைமை மாறியது. டில்லியில் பழச்சாறுக் கடை வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்த குல்ஷன் குமார் 'டீ-சீரிஸ்' கம்பனியை உருவாக்கி, மலிவான கசெட்டுகளைப் பெட்டிக்கடை வரை கொண்டுபோனார். பழைய பாடல்களை வேறு குரல்களில் பாடவைத்து விற்பதும் அவருடைய வியாபாரத்தில் ஒரு பகுதியாக இருந்தது. 1990இல் வந்த 'ஆஷிக்கி' திரைப்படப் பாடல்கள் இந்தியாவில் அதிகம் விற்றவற்றுள் ஒன்றாக எண்ணப்படுகின்றன. பீற்றர் மெனுவல் என்ற அமெரிக்க ஆய்வாளர் வட இந்தியக் கசெட் பண்பாடு பற்றி 1993இல் ஒரு நூல் எழுதினார். கசெட்டின் வருகையால் ஒற்றைக் கம்பனியின் பிடி தளர்ந்ததையும், வட்டார மொழிப் பாடல்களும் பக்திப் பாடல்களும் தலையெடுத்ததையும் அதில் விரிவாகக் காட்டினார்.

இலங்கையைப் பற்றி, அதிலும் பதுளையைப் பற்றி, அப்படி ஒரு நூல் இல்லை. கசெட் காலம் முழுவதையும் எண்ணி வைத்த பட்டியலும் நமக்கு இல்லை. ஆனால் நான் அந்தச் சந்தையில் வேலை செய்திருக்கிறேன்.

*

1996இல் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, பதுளைக் கடைத்தெருவில் ஒரு 'ரெக்கோடிங் பாரில்' வேலைக்குச் சேர்ந்தேன். வயது 16. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல் புரியாது. வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த பாடல்களைத் துண்டுக் கடதாசியில் எழுதித் தருவார். நாங்கள் அவற்றைத் தேடியெடுத்து வெற்றுக் கசெட்டில் பதிந்து கொடுப்போம். சீ-60 என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம், சீ-90 என்றால் நாற்பத்தைந்து. கண்ணாடி அலுமாரியில் இந்தியாவிலிருந்து வந்த 'ஒரிஜினல்கள்' அடுக்கப்பட்டிருக்கும். அவை பெரும்பாலும் விற்பனைக்கல்ல. கிணறு மாதிரி, அவற்றிலிருந்து அள்ளி அள்ளி ஊற்றுவதுதான் தொழில்.

1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டதும் கசெட் றேடியோ பரவலாக இறக்குமதியாயிற்று. ஆனால் ஹாலி-எல, பசறை, லுணுகலை, மடூல்சீமைத் தோட்டங்களின் லயங்களுக்குள் அதனைக் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போய் வந்தவர்களே. வெலிமடை, குருத்தலாவைப் பக்கத்து எமது முஸ்லிம் கிராமங்களிலும் இதே கதைதான். எங்கள் வீட்டுக்கு 'டூ-இன்-வண்' வந்தது சாச்சி குவைத்திலிருந்து திரும்பியபோது. வாப்பா அதற்கு உறை தைத்துப் போட்டார்.

கடையில் ஓடர் கொப்பி ஒன்று இருக்கும். பெயர், ஊர், கேட்ட பாட்டு, கொடுத்த முற்பணம், எடுக்க வரும் நாள். பிற்காலத்தில் கடை மூடப்பட்டபோது முதலாளி அந்தக் கொப்பிகளைப் பழைய கடதாசிக்குப் போடக் கட்டிவைத்திருந்தார். மூன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாணவன் கேள்வி கேட்ட அன்றிரவு அவற்றை எடுத்துப் புரட்டினேன்.

சினிமாப் பாட்டு நிறைய உண்டு, மறுக்கவில்லை. இளையராஜாவும், 'ரோஜா'வுக்குப் பிறகு ரஹ்மானும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறார்கள். ஆனால் என்னை நிறுத்தியது வேறு. தோட்டமொன்றிலிருந்து வந்த ஓடர்: ஒரு பக்கம் எல்.ஆர். ஈஸ்வரியின் மாரியம்மன் பாடல்கள், மறுபக்கம் நாகூர் ஈ.எம். ஹனீபா. இத்தகைய ஓடர் ஒன்றிரண்டல்ல. தேர்த் திருவிழாவுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுபவர்கள் ஹனீபாவை விரும்பிக் கேட்டார்கள். சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசத்தை முஸ்லிம் தேநீர்க்கடைக்காரர் ஒருவர் பதிந்து எடுத்திருக்கிறார். காலையில் கடைக்கு வரும் தோட்டத்துச் சனங்களுக்காக என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஹனீபா ஏன் மலைநாட்டில் இவ்வளவு செல்லுபடியானார்? மதப்பற்று என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. கேட்டவர்களில் பாதிப்பேர் முஸ்லிம்களல்லர். எனக்குப் படும் காரணத்தைச் சொல்கிறேன்.

கசெட்டிலிருந்து கசெட்டுக்குப் பதியும்போது ஒவ்வொரு தடவையும் ஒலி கொஞ்சம் தேயும். மேல் சுருதியின் நுணுக்கம் போகும், 'ஸ்' என்ற இரைச்சல் ஏறும். அவசரத்துக்கு இரட்டை வேகத்தில் பதிந்தால் இன்னும் மோசம். மூன்றாவது, நான்காவது பிரதியில் வாத்தியங்களின் அடுக்குகள் ஒன்றோடொன்று கலங்கிவிடும். 'ரோஜா'வின் அடித்தாளத்தை மட்டமான கசெட்டில் கேட்டவர்களுக்கு அது ஏன் புதுமை என்று விளங்கியிருக்காது. பிறகு இறுவட்டு வந்தபோதுதான் நானே அதைச் சரியாகக் கேட்டேன். ஹனீபாவின் பாடல்கள் இந்தத் தேய்மானத்தைத் தாங்கின. 1925இல் பிறந்த அவர் இளமையிலிருந்தே திராவிட இயக்க மேடைகளில் பாடியவர். திறந்தவெளியில், கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும் என்று பழகிய குரல் அது. மெட்டு எளிது, வாத்தியம் குறைவு, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக விழும். பள்ளத்தாக்கின் ஒரு பக்கத்துக் கோயிலில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து மறுபக்கத்து மலையில் கொழுந்து எடுப்பவர்களுக்கும் அவரது சொற்கள் விளங்கின. ஈஸ்வரியின் அம்மன் பாடல்களுக்கும் இதே பலம் உண்டு. எனவே ஒரே கசெட்டின் இரு பக்கங்களில் இவ்விருவரும் சேர்ந்ததில் வியப்பில்லை. மத நல்லிணக்கம் என்று மேடையில் பேசுபவர்கள் இதைப் பெரிதாக்கலாம். எனக்கோ இது காதின் நியாயமாகத் தெரிகிறது. கேட்டவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

இன்னொரு குரலையும் இங்கே சொல்ல வேண்டும். வெசாக் காலத்தில் பதுளை முதியங்கனை விகாரைப் பக்கம் போனால் முஹைதீன் பேக்கின் பௌத்த பக்திப் பாடல்கள் காற்றில் வரும். 1919இல் சேலத்தில் பிறந்த முஸ்லிம் அவர், 1991இல் கொழும்பில் காலமானார். சிங்களப் பௌத்தப் பக்தியிசையின் முன்னணிக் குரல்களில் ஒன்று அவருடையது. இந்தத் தோட்டங்களுக்கு ஆள்கட்டி வந்த கங்காணிமார் புறப்பட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. அதே மண்ணிலிருந்து வந்த ஒரு முஸ்லிம், இந்நாட்டுப் பெரும்பான்மையினரின் பக்திக்குக் குரலானார். மறுபுறத்தில் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' சிங்களத்தையும் தமிழையும் கலந்துகொண்டு பாக்குநீரிணையைத் தாண்டித் தமிழ்ச் சினிமா வரை போனது. 2018இல் சென்னையில் அவர் இறந்தபோது இரு நாட்டவரும் அவரை நினைத்தார்கள். இவர்களுடைய பாடல்கள் எத்தனை பிரதி போயின என்று யாராலும் சொல்ல முடியாது. எங்களைப் போன்ற கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன. ஒன்றும் ஒருவருக்கும் கணக்குக் காட்டியதில்லை.

*

இந்த இடத்தில் எனது பிழையைச் சொல்ல வேண்டும்.

1997 தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன் மடூல்சீமைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து கசெட் ஒன்றை எடுத்துத் தந்தார். மேலே எதுவும் எழுதியிருக்கவில்லை. "தம்பி, இதுல எங்கம்மா பாடுனது இருக்கு. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி எல்லாம். மச்சான் ஊருக்கு வந்தப்ப புடிச்சது. அம்மா மாசில செத்துப் போச்சு. தங்கச்சி குவைத்துல இருக்கா. அவளுக்கு ஒண்ணு அனுப்பணும், ஒரு கொப்பி போட்டுத் தா" என்றார். "சரி அண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்க" என்று சொல்லி, கொப்பியில் எழுதி, கசெட்டை மேசையின் ஓரத்தில் வைத்தேன்.

தீபாவளி நெருக்கடி. வெற்றுக் கசெட் முடிந்துவிட்டது. இப்படியான வேளைகளில் விற்காத பழைய ஒரிஜினல்களை எடுத்து அவற்றின் மேலேயே பதிவது கடை வழக்கம். கசெட்டின் மேல் விளிம்பில் இரண்டு சிறு பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன் மேல் பதிய முடியாது. ஒரிஜினல்களில் அவை இல்லாமலேயே வரும். அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் இயந்திரம் ஏமாந்துவிடும். அன்று மேசையில் கிடந்த கசெட்டை எடுத்தேன். பற்கள் உடைந்திருந்தன. அது யாரோ கவனமாக உடைத்தது என்று நினைக்கவில்லை. செலோடேப் ஒட்டி, இரண்டு பக்கமும் புதுப்படப் பாட்டுப் பதிந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோதுதான் எனக்கு விளங்கியது. முதலாளியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வந்தவரின் முகத்தையும்தான். முதலாளி முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, புதிய கசெட் இரண்டையும் நீட்டினார். அவர் எதையும் வாங்கவில்லை. "முழுசா ஓட்டிப் பாப்பமா தம்பி, எங்கயாச்சும் மிச்சம் இருக்கும்" என்றார். ஓட்டினோம். வாடிக்கையாளர்கள் வந்து போனார்கள், அவர் ஸ்டூலில் உட்கார்ந்து சினிமாப் பாட்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் பக்கத்தின் கடைசியில், நான் பதிந்த பாட்டு முடிந்த இடத்துக்கு அப்பால், ஒரு கிழவியின் குரல் வந்தது. ஏதோ ஒரு தாலாட்டின் இறுதி. பிறகு இருமல். "போதுமாடா?" என்று யாரிடமோ கேட்கிறார். அவ்வளவுதான், நாடா முடிந்துவிட்டது.

"அத மட்டும் கொப்பி போட்டுத் தா" என்றார். போட்டுக் கொடுத்தேன். என்னை ஏசவில்லை. "ஒனக்குத் தெரியாதுதானே" என்று மட்டும் சொல்லிவிட்டு பசறை பஸ்ஸுக்குப் போனார்.

சில வருடங்களின் பின் கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சியில் இருந்தபோது, மலையகத்தாரின் கலை ரசனை பற்றி ஒப்படை எழுதினேன். தோட்ட மக்களின் இசை ரசனை சினிமாவைத் தாண்டவில்லை, தமக்கென ஓர் இசையை அவர்கள் பேணிக்கொள்ளவில்லை என்பது அதன் சாரம். ஆதாரமாக நான் காட்டியது கடை அலுமாரியில் இருந்த ஒரிஜினல்களை. நல்ல புள்ளி கிடைத்தது. அந்தக் கிழவியின் குரலை என் கையால் அழித்துவிட்டு, அவர்களிடம் குரலே இருக்கவில்லை என்று எழுதியவன் நான். அதை அப்போது உணரவில்லை என்பதுதான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

எமது விமர்சகர்கள் பலரும் இதே தவறைச் செய்து வந்திருக்கிறோம். அச்சானதை, வெளியிடப்பட்டதை, விலை போட்டதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தின் ரசனையை அளக்கிறோம். சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டம் தோட்டமாகப் போய் நாட்டார் பாடல்களைக் கேட்டு எழுதி வைத்திராவிட்டால் அவையும் இல்லையென்றே நாம் சொல்லியிருப்போம். அவர் சொற்களைக் காப்பாற்றினார். குரலைக் காப்பாற்றும் கருவி லயத்துக்குள் வந்தபோது, அதைக் கவனிக்க நம்மில் ஒருவரும் இருக்கவில்லை.

*

இதை வாசிக்கும் சிலர், 'ரெக்கோடிங் பாரை' நான் புகழ்கிறேன் என்று நினைக்கக்கூடும். அப்படியல்ல. அது ஒரு வகையில் களவுதான். 1979ஆம் ஆண்டின் சட்டத்திலும், பின்னர் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் ஆக்கியோருக்கு உரிமை உண்டு. எங்கள் கடையில் ஹனீபாவின் பாடல் எத்தனை தடவை பதியப்பட்டாலும் அவருக்கு ஒரு சதமும் போகவில்லை. சுப்ரபாதம் விற்றபோது அதன் பயன் எங்கே போக வேண்டுமென்று பாடியவர் தீர்மானித்தார். ஹனீபாவுக்கு அந்தத் தீர்மானத்தை நாங்கள் விட்டுவைக்கவில்லை. 2015இல் அவர் காலமானார். மனிதருக்கு மனிதர் செலுத்த வேண்டிய ஹக்கைப் பற்றி ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். பாடகனின் ஹக்கு என்று யாரும் சொன்னதில்லை, நாமும் நினைத்ததில்லை.

அதைவிடப் பெரிய அநியாயம் பாட்டு எழுதியவர்களுக்கு நடந்தது. புலவர் ஆபிதீன், நாகூர் சலீம், கிளியனூர் அப்துல் சலாம் முதலியோர் எழுதிய வரிகளால்தான் ஹனீபா ஹனீபாவானார். கசெட்டின் உறைக் கடதாசியில் நான் 'ஹனீபா – 1', 'ஹனீபா – 2' என்று மட்டும்தான் எழுதினேன். அந்த அளவு கடதாசியில் கவிஞரின் பெயருக்கு இடமில்லை என்று முதலாளி சொல்லவில்லை. நானாகவே விட்டேன். முஸ்லிம் எழுத்தாளர்களின் சஞ்சிகையில் இதை ஒப்புக்கொள்வது பொருத்தமென நினைக்கிறேன். எமது சமூகத்தில் மிக அதிகமான பேர் மனப்பாடமாக வைத்திருக்கும் தமிழ் வரிகள் நமது கவிதை நூல்களில் இல்லை. அவை அந்தக் கசெட்டுகளில்தான் இருந்தன. அவற்றின் ஆசிரியர் பெயர்களைச் சொல்லச் சொன்னால் இலக்கியக் கூட்டத்தில் இருப்பவர்களே தடுமாறுவார்கள். இலக்கிய வரலாறு எழுதுவோர் இவற்றைப் 'பாட்டு' என்று ஒதுக்கிவிட்டார்கள், இசை பற்றி எழுதுவோர் 'மதம்' என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஆகவே களவு என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுவே சந்தை என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரிஜினல் வாங்கும் வசதி இல்லாத சனங்களுக்குப் பாட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கடைதான். பாடியவனின் கூலியை விழுங்கியதும் அதுவேதான். ஒரு நாள் பேர் விழாவிட்டால் அடுப்பெரியாத லயத்திலிருந்து, இரண்டு கிழமை சேர்த்து வைத்த காசுடன் வந்து ஒரு சீ-60 பதிந்து போனவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் களவுக்குத் துணைபோனவர்கள் என்று எழுத என் பேனா வராது. கணக்கில் வராத அந்தக் காசையும் வாங்கியவர்களின் விருப்பத்தையும் விட்டுவிட்டு இலங்கையின் 'அதிகம் விற்ற' பட்டியலை யாராவது நாளை தயாரித்தால், அது கொழும்புக் கடைகளின் பட்டியலாகத்தான் இருக்கும்.

இப்போது கசெட் இல்லை. 1998இல் தனியார் தமிழ் வானொலிகள் வந்தன, பிறகு இறுவட்டு, பிறகு பென் டிரைவ், இன்று கைபேசி. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பாட்டுக்குக் கீழேயே எண் விழுகிறது. இனிமேல் எல்லாம் எண்ணப்படுகிறது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் சிக்னல் கிடைக்காத தோட்டப்பிரிவுகளில் ஒருவன் இறக்கி எடுத்ததை இன்னும் பத்துப் பேர் புளூடூத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். அதுவும் எந்தக் கணக்கிலும் வராது. பெயர்தான் மாறியிருக்கிறது, நமது பழைய கடை இன்னும் திறந்தே இருக்கிறது.

2003ஆம் ஆண்டின் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. நல்ல விடயம். ஆனால் எஞ்சியிருப்பதைத்தான் சட்டம் பாதுகாக்கும். என்னிடமுள்ள கொப்பிகளில் ஒன்றில், 1997 ஒக்டோபர் பக்கத்தில், அந்த மனிதரின் ஓடர் இருக்கிறது. 'அம்மா பாட்டு – 1 கொப்பி' என்று என் கையெழுத்தில். அந்த வரியின் மேல், 'கொடுத்தாயிற்று' என்பதற்கான கோடும் போட்டிருக்கிறேன். எதைக் கொடுத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மாணவனுக்கு என்ன விடை சொன்னேன் என்று வாசகர்கள் கேட்கலாம். "நம்ம நாட்டுல ஒருத்தரும் எண்ணல்ல மகன். அதையே எழுதிக்கோ" என்றேன். "அப்படி எழுதினா புள்ளி குடுப்பாங்களா சேர்?" என்றான். கொடுக்க மாட்டார்கள் என்பதையும் சொன்னேன். பிறகு வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம், எந்தக் கசெட்டை அதிகம் போட்டுக் கேட்டீர்கள், யார் பாடியது, யார் எழுதியது, எங்கே பதிந்தீர்கள் என்று கேட்டு எழுதி வரவேண்டும். கசெட் இருந்தால் கொண்டுவர வேண்டும். இதுவரை ஒன்பது கசெட்டுகள் வந்திருக்கின்றன. அவற்றில் இரண்டில் ஒன்றும் எழுதப்படவில்லை.

இச்சஞ்சிகையின் வாசகர்களில் பதுளை, பண்டாரவளை, வெலிமடை, மொனராகலைப் பக்கத்தவர்கள் பலர் இருப்பீர்கள். பழைய ரெக்கோடிங் பார் முதலாளிமார் சிலர் இன்னும் இருக்கிறார்கள், பெரும்பாலும் போன் கடை வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் ஓடர் கொப்பி இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டு அலுமாரியில் பெயர் எழுதாத கசெட் இருந்தால் எறியவேண்டாம். அதன் மேல் விளிம்பைப் பாருங்கள். பற்கள் உடைந்திருந்தால், அதில் உள்ளது அழியக்கூடாது என்று யாரோ ஒருவர் நினைத்திருக்கிறார்.